புள்ளி மறைவது வேறு, முகம் வெளுப்பது வேறு

யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசி. எனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு இருபது வயது இருக்கலாம். ஹெல்மெற்றைக் கழற்றி முழங்கையில் கொழுவிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், "அண்ணை, முகத்தில புள்ளி மறையிறதுக்கு ஏதும் கிரீம் இருக்கோ?" என்று கேட்டாள். உள்ளே நின்ற பெடியன் என்ன புள்ளி, எவ்வளவு நாளாய் இருக்கிறது என்று ஒரு சொல் கேட்கவில்லை. லாச்சியைத் திறந்து சின்ன ரியூப் ஒன்றை எடுத்து வைத்தான். "இரவில பூசுங்கோ. ஒரு கிழமையில வித்தியாசம் தெரியும்."

ஒரு கிழமை என்றதும்தான் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் பீட்டாமெதசோன் என்று போட்டிருந்தது. ஸ்டீரொய்ட். அந்தப் பிள்ளையின் கன்னத்தில் இருந்ததோ பரு வந்து காய்ந்த நாலைந்து கபில நிற அடையாளங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே அடுத்த வருட நல்லூர்த் தேருக்குள் முக்கால்வாசி போயிருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அறிமுகமில்லாத பெண்ணின் முகத்தைப் பற்றி வரிசையில் நின்று என்னவென்று கதைப்பது? அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளி என்னவென்று பார்ப்போம். தோலின் மேற்படையின் அடிவரிசையில் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்யும் நிறக்கலங்கள் இருக்கின்றன. நோர்வேக்காரருக்கும் வல்வெட்டித்துறைக்காரருக்கும் இந்தக் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினைச் செய்கின்றன, அதை எந்த அளவுப் பொதிகளாகக் கட்டி அயல் கலங்களுக்குக் கொடுக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நம்முடையவை சுறுசுறுப்பானவை, கொஞ்சம் தொட்டாற் சுருங்கியும்கூட. பரு, நுளம்புக்கடி, தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், முகத்தில் நூல் போட்ட மறுநாள் வரும் சின்னக் கொப்பளங்கள், எதனால் தோல் அழன்றாலும் அவை மெலனினைக் கூடுதலாகச் செய்து தள்ளிவிடும். அழற்சி ஆறிப்போகும். தள்ளிய நிறம் அங்கேயே கிடக்கும்.

அது எப்படி வெளியே போகிறது? மேற்படை ஏறத்தாழ நாலு கிழமைக்கு ஒருமுறை புதிதாகிறது. அடியில் பிறக்கும் கலம் மெல்ல மேலே ஏறி, செத்து, முகம் கழுவும்போதும் துடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துபோக அவ்வளவு நாள் எடுக்கும். வயது போகப் போக இன்னும் கூடும். புள்ளியின் நிறம் அந்தக் கலங்களோடுதான் போகவேண்டும், அதுவும் ஒரே சுற்றில் போகாது. ஆகவே ஒரு கிழமையில் மறையும் என்று யாராவது சொன்னால், ஒன்றில் அவருக்குத் தெரியாது, இல்லாவிட்டால் தோலுக்கு வேறு ஏதோ செய்யும் சாமானை விற்கிறார்.

நிறம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதும் முக்கியம். வேட்டியில் பட்ட செம்மண்ணையும் வாழைக்கயரையும் நினைத்துப் பாருங்கள். செம்மண் தோய்க்கத் தோய்க்கப் போய்விடும். கயர் நூலுக்குள் இறங்கிவிட்டால் வேட்டி கிழியும்வரை கூட வரும். மேற்படையில் நிற்கும் புள்ளி கபிலமாக இருக்கும்; ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். அழற்சி கடுமையாகி நிறம் கீழ்ப்படைக்குள் சிந்திவிட்டால் அது சாம்பலும் நீலமும் கலந்த மாதிரித் தெரியும். அதற்கு வருடக்கணக்கு ஆகலாம், முழுதாகப் போகாமலும் விடலாம். பருவைக் கிள்ளாதே என்று அம்மாமார் கத்துவதன் அர்த்தம் இதுதான். கிள்ளினால் செம்மண்ணைக் கயராக்கி விடுகிறோம்.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல

பரு அடையாளத்தோடு பலரும் குழப்பிக்கொள்வது மங்கு. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும், கண்ணாடியில் பார்த்துக் கீறிய மாதிரி இரண்டு பக்கமும் ஒத்து வரும் கபிலப் படலம். முப்பது நாற்பது வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம், ஆண்களுக்கும் வரும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தொடங்கலாம், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும்போது தொடங்கலாம், பரம்பரையாகவும் ஓடும். பரு அடையாளம் ஒரு முடிந்துபோன சண்டையின் மிச்சம். மங்கு அப்படி இல்லை. நிறக்கலங்கள் அங்கே நிரந்தரமாகவே உசாராக இருக்கின்றன. மருந்தால் குறைத்துவிட்டு, போய்விட்டது என்று ஒரு சித்திரை மாதம் வெயிலில் திரிந்தால் திரும்ப வந்து நிற்கும். மங்கு முற்றாக மாறும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அடக்கி வைத்திருக்கலாம்.

மூக்குக் கறுப்பு இன்னொன்று. 2006 இன் கடைசியில் சிக்குன்குன்யா இலங்கையில் பரவிய காலத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு, மூட்டு நோவோடு நொண்டிக்கொண்டு திரிந்தவர்கள் சிலரின் மூக்கு மட்டும் கரி பூசினதுபோல் கறுத்திருந்தது. அந்த வைரசு விட்டுப்போகும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. மாதக்கணக்கில் தானாகவே மங்கும். அதற்குப் போய் காசு கொடுத்து வெளுக்கும் கிரீம் பூசியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தலைமயிருக்குச் சாயம் பூசுபவர்களின் நெற்றியோரத்திலும் காதின் முன்னாலும் பரவும் மண்ணிறக் கறுப்பு பெரும்பாலும் சாயத்துக்கு எதிரான ஒவ்வாமை. குங்குமத்தில் கலக்கும் செயற்கைச் சாயம் நெற்றியின் நடுவில் இதே வேலையைச் செய்யும். ஒட்டுப்பொட்டின் பசை சிலருக்கு நேர்மாறாக வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து பூசுவதற்கு முதல் காரணத்தை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். கழுத்தின் பின்புறம் வெல்வெற் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால், அதை ஊத்தை என்று பீர்க்கங்காய்க் கூட்டால் உரஞ்ச வேண்டாம். இரத்தத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது வருவதுண்டு. சீனி வருத்தம் வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் ஊரில், அந்தக் கழுத்துக்குக் கிரீமைவிட ஒரு இரத்தப் பரிசோதனைதான் அவசரம்.

உரஞ்சுவது என்றதும் நினைவு வருகிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, சவர்க்காரம் நுரைக்காது. நுரை வரவில்லை என்று இன்னும் போட்டுத் தேய்ப்போம். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மையானது. சாதாரணச் சவர்க்காரக் கட்டி நல்ல காரம். கடினத் தண்ணீரோடு சேர்ந்து அது ஒரு பிசுக்கையும் விட்டுப்போகும். முகம் இழுத்துப் பிடிக்கும், வரண்டு அழலும். அழன்றால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. முகத்துக்குக் காரமில்லாத கழுவும் திரவம் ஒன்று போதும். அது வாங்க வசதியில்லையென்றால் பயத்தம் மா பழுதில்லை, தேய்க்காமல் தடவிக் கழுவினால்.

சூரியன் உச்சம் கொடுக்கும் ஊர்

புள்ளிக்குத் தீனி போடுவது வெயில். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் உச்சம் கொடுக்கும் சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, புத்தாண்டு கழிந்த கையோடு நம்முடைய தலைக்கு நேரே வந்து நிற்கும். ஒவ்வொரு வருடமும் வானிலை அறிக்கையில் ஊர்ப்பெயர்களை வாசிப்பார்களே, அது. அதோடு முடிந்துவிடாது. வடக்கே போன சூரியன் திரும்பும் வழியில் ஓகஸ்ட் கடைசியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி, மறுபடியும் உச்சம் கொடுக்கும். இடைப்பட்ட மாதங்களில் கொழும்புப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். நமக்கு சோளகக் காற்றும் புழுதியும்தான். மழை வர ஐப்பசியாகும். உண்மையில் பங்குனியிலிருந்து புரட்டாதி வரை முகத்துக்கு ஓய்வே கிடையாது.

அதுவும் வெயில் என்றால் ஒரே சாமான் இல்லை. தோலை எரிக்கும் புற ஊதா பி கதிர் நண்பகலில் அதிகம், காலையிலும் மாலையிலும் குறைவு. புற ஊதா ஏ கதிர் நாள் முழுக்க இருக்கும். பஸ்ஸின் யன்னல் கண்ணாடியாலும் வரும், மெல்லிய முகிலாலும் வரும். யன்னலோர இருக்கையில் தினமும் பருத்தித்துறைக்குப் போய்வரும் ஆசிரியருக்கு "நான் வெயிலுக்குள் நிற்கிறதேயில்லை" என்று சொல்ல உரிமை இல்லை. மூன்றாவது, நம் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம். அதிலுள்ள நீலமும் ஊதாவும் வெள்ளைத் தோலைவிட நம்முடைய தோலைத்தான் அதிகம் கறுக்க வைக்கின்றன. மங்கு உள்ளவர்களுக்கு இதில் பாதிப்பு அதிகம். (தொலைபேசித் திரையின் நீல ஒளியும் கறுக்க வைக்கும் என்று விளம்பரம் வருகிறது. சூரியனுக்கு முன்னால் அது ஒரு மின்மினிப்பூச்சி. அதற்கென்று தனிக் கிரீம் வாங்கவேண்டாம்.)

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்க்கிறோம். அது பி கதிருக்கான கணக்கு. 30 என்றால் ஏறத்தாழ 97 வீதம் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு வீதத்துக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நாலு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அது ஏ கதிருக்கானது. வெளிச்சத்தையும் தடுக்கவேண்டுமானால் மண்ணிறச் சாயம் சேர்ந்த சன்ஸ்கிரீன் வேண்டும். அதிலுள்ள இரும்பு ஒக்சைட்தான் அந்த வேலையைச் செய்கிறது. சாயமில்லாத சிங்க் ஒக்சைட் வகைகளைப் பூசினால் முகம் முழுக்கத் திருநீறு பூசினதுபோல் தெரியும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் அது வசதி.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறோம். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை கோடு கீறினதுபோல் எடுக்கவேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு. ஒரு பயறளவு எடுத்து முகம் முழுக்க இழுத்தால் பெட்டியிலுள்ள எண்ணில் கால்வாசி பாதுகாப்புக்கூட வராது. வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூசவேண்டும். நல்ல ரியூப் ஒன்று ஆயிரக்கணக்கில் விலை; இந்த அளவில் பூசினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம்தான் வரும். எல்லோராலும் முடியாது என்று எனக்கும் தெரியும். அப்படியென்றால் குடை பிடியுங்கள். கறுப்புக் குடை புற ஊதாக் கதிரில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் பாட்டிமாரின் தலைமுறை பகல் பன்னிரண்டு மணிக்குக் கறுப்புக் குடை இல்லாமல் படலையைத் தாண்டியதில்லை. குடை மழைக்கு மட்டும் என்று ஆகிப்போனது நம்முடைய காலத்தில்தான்.

சித்தியின் கை

வீட்டு வைத்தியம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கற்றாழை, தயிர், சந்தனம், கடலை மா, உருளைக்கிழங்குச் சாறு: பெரும்பாலும் தீங்கில்லை, பெரிய பலனும் இல்லை. குளிர்ச்சியாக இருக்கும், சரி. மஞ்சள் அழற்சியைத் தணிக்கும் குணம் உள்ளது, ஆனால் சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது. பூசி இரண்டு நாளில் முகம் கடித்தால் விட்டுவிட வேண்டும். இந்தப் பட்டியலில் நான் உண்மையில் பயப்படுவது தேசிக்காய்க்குத்தான்.

என் சித்தி ஒருமுறை ஊறுகாய் போட நூறு தேசிக்காய் வெட்டினார். முற்றத்துப் பாயில் காயவைத்து, வெயிலுக்குள் இருந்தே புரட்டிப் புரட்டி விட்டார். அன்று ஒன்றுமில்லை. மறுநாள் இரவு கை எரிந்தது, அதற்கடுத்த நாள் சிவந்து கொப்பளித்தது. கொப்பளம் காய்ந்த பிறகு பார்த்தால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு வழிந்த தடம் அப்படியே கறுப்புக் கோடாக நின்றது. ஒரு துளி தெறித்த இடத்தில் ஒரு துளிக் கறுப்பு. "ஆரோ செய்வினை செய்து போட்டினம்" என்று ஒரு மாமி சொன்னார். செய்வினை இல்லை, தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் உள்ள பியுரனோகூமரின் என்ற பொருள். புற ஊதா ஏ கதிர் படும்போது அது தோலைச் சுட்டுவிடும். சூட்டுக்காயம் ஆறக் கறுப்பு மிஞ்சும். சித்தியின் கைக்கோடு போக நாலு மாதம் எடுத்தது.

இதே தேசிக்காயைத்தான் பாதியாய் வெட்டிச் சீனி தொட்டு முகத்தில் தேய்க்கச் சொல்கிறார்கள். புளிப்பு அமிலம் தோலை அரிக்கிறது, சீனி கீறுகிறது, பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போகிறோம். கறுப்புப் புள்ளி உண்டாக்குவதற்கு இதைவிடத் திறமான செய்முறை எனக்குத் தெரியாது. பருவில் பற்பசை வைப்பதும் இதே சாதிதான்.

ரியூப்பும் டப்பாவும்

கலியாண விளம்பரங்களில் இப்போதும் "சிவந்த நிறம்" என்றும் "பொதுநிறம்" என்றும் போடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமி கட்டிப்பிடித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பிள்ளை, கறுத்துப் போனாய்?" இந்தக் கேள்விக்குள் வளரும் ஒரு பெண் புள்ளி மறையவேண்டும் என்று கடைக்குப் போனால், கடை அவளுக்குக் கொடுப்பது முகம் வெளுக்கும் சாமானை. இரண்டும் இரண்டு வேலை. புள்ளி ஒரு காயத்தின் மிச்சம், அதை ஆற்றலாம். முகத்தின் இயல்பான நிறம் வருத்தம் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. வெளுக்க வைப்பதாகச் சொல்லும் எதுவும் தோலின் ஒழுங்கான வேலையைக் குழப்பித்தான் அதைச் செய்யமுடியும். 1975 இல் இந்தியாவில் இறங்கிய ஃபெயார் அண்ட் லவ்லி 2020 இல் பெயரிலிருந்து "ஃபெயார்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. சொல்லை எடுப்பது லேசு. ஆசையை எடுப்பதற்கு இன்னும் எத்தனை வருடமோ.

பாமசிப் பெடியன் கொடுத்த ஸ்டீரொய்டுக்கு வருவோம். அது கெட்ட மருந்து இல்லை. எக்சிமாவுக்கு, கடுமையான ஒவ்வாமைக்கு டொக்டர்கள் நாள் கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். முகத்தில் பூசினால் குருதிக் குழாய்கள் சுருங்கும், அழற்சி அடங்கும், நிறக்கலங்கள் தற்காலிகமாகச் சோரும். ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று இருக்கும், பெடியன் பொய் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்புக்கோடுகள் தெரியத் தொடங்கும், தாடைப் பக்கம் பூனைமயிர் வளரும், பரு கொத்தாக வரும். பயந்து நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். எரிவு தாங்காமல் திரும்பவும் அதையே பூசுவார்கள். இது ஒரு வகை அடிமைத்தனம். நெடுநாள் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டொக்டரிடம் காட்டிக் குறைப்பது நல்லது.

ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் மருந்தின் கதை சுவாரசியமானது. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. தேடிப் பார்த்தால், அவர்கள் போட்ட இறப்பர்க் கையுறையில் கலந்திருந்த ஒரு இரசாயனம். ஹைட்ரோகுவினோனின் உறவுக்காரப் பொருள். தொழில் விபத்தில் கண்ட அந்தக் குணத்திலிருந்துதான் வெளுக்கும் மருந்துகளின் ஒரு கிளையே வளர்ந்தது. மெலனின் செய்யும் நொதியத்தை ஹைட்ரோகுவினோன் முடக்குகிறது. மங்குக்கு இன்றைக்கும் அது பலமான மருந்துதான். ஆனால் கணக்கில்லாமல் வருடக்கணக்கில் பூசினால் கன்னம் நீலக் கறுப்பாகக் கறுத்துப் போகும், அது திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 இல் அழகுசாதனக் கிரீம்களில் அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் 2020 இலிருந்து டொக்டரின் துண்டு இல்லாமல் விற்க முடியாது. ஹைட்ரோகுவினோனோடு ரெட்டினோயிட்டும் (விற்றமின் ஏ வகை மருந்து) ஸ்டீரொய்டும் சேர்ந்த மூன்று கலப்புக் கிரீம் ஒன்றும் உண்டு. 1975 இல் வந்த யோசனை. தோல் வைத்தியர் பார்த்துச் சில கிழமைக்கு எழுதும் அந்த மருந்தை, நம்மூரில் அக்கா பூசி மிஞ்சியதைத் தங்கச்சி பூசுகிறாள்.

எல்லாவற்றிலும் மோசம், பெயரில்லாத சின்ன டப்பாக்களில் வருவது. முகநூலில் விற்பார்கள், தெரிந்த ஆள் மூலம் வரும், "பேர்ள் மாதிரி" முகம் வரும் என்பார்கள். உள்ளே என்னவென்று விற்பவருக்கே தெரியாது. இப்படியான கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் மெலனினை நிறுத்தும், உண்மைதான். கூடவே தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசுகிறவரோடு நிற்காது, தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டி, ஆவியாகிப் பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் நாடுகள் கைச்சாத்திட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 க்குப் பிறகு செய்யவோ இறக்கவோ கூடாது என்றது அது. 2023 இல் அந்த ஒரு மில்லிகிராம் சலுகையையும் எடுத்துவிட்டார்கள்.

லேபிளில் கலோமல், மெர்கியூரிக், மெர்கியூரியோ என்ற சொற்கள் இருந்தால் கீழே வையுங்கள். அதைவிட லேசான அடையாளம் ஒன்று உண்டு. சில பெட்டிகளில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எச்சரிக்கை போட்டிருக்கும். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் தங்கம் வெளுக்கும், அதற்காகத்தான். தாலிக்கொடியைப் பழுதாக்கும் சாமான் என்று எழுதி ஒட்டிய கிரீமைத் தாலிக்கொடிக்கு ஒரு சாண் மேலே பூசுகிறோம்.

எது வேலை செய்யும்?

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடமுடியாது. பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் பருவை அடக்கவேண்டும். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைத்துப் பிரயோசனமில்லை. அப்புறம் புள்ளிக்கு ஒரே ஒரு மருந்தோடு தொடங்கலாம்.

என் விருப்பம் அசெலயிக் அமிலம், 15 அல்லது 20 வீதம். பருவையும் தணிக்கும், அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறக்கலங்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். சாதாரண தோலின் நிறத்தோடு சேட்டை விடாது. அதாவது புள்ளியை மறைக்கும், முகத்தை வெளுக்க வைக்காது. கர்ப்பிணிகளும் பூசலாம். முதல் இரண்டு மூன்று கிழமை கடிக்கும், குத்தும், பிறகு பழகிவிடும். நியாசினமைட் 4, 5 வீதம் இன்னும் மென்மையானது. மெலனின் செய்வதைத் தடுக்காது, செய்த பொதியை அயல் கலத்துக்குக் கொடுக்கும் இடத்தில் மறிக்கும். ரெட்டினோயிட் வகைகள், அடபலீன், ட்ரெட்டினோயின், மேற்படையின் சுற்றைத் துரிதப்படுத்தும். நல்லவைதான், ஆனால் ஆசையில் முதல் நாளே முகம் முழுக்க அப்பினால் தோல் உரிந்து அழன்று, அந்த அழற்சியே புதுக் கறுப்பைக் கொண்டுவரும். கிழமைக்கு இரண்டு இரவு, ஒரு கடலையளவு என்று தொடங்கவேண்டும். பிள்ளை வயிற்றில் இருப்பவர்களும் பிள்ளைக்கு எதிர்பார்த்திருப்பவர்களும் தொடக்கூடாது.

விற்றமின் சி சீரம் நம்முடைய சுவாத்தியத்துக்குக் கஷ்டமான சாமான். சூட்டிலும் காற்றிலும் கெட்டுவிடும். தண்ணீர் நிறத்தில் வாங்கியது தேயிலைச் சாய நிறத்துக்கு வந்துவிட்டால் எறியுங்கள். ரொறன்ரோவிலிருந்து சூட்கேசில் வந்து, அலுமாரித் தட்டில் ஒரு சோளகத்தைக் கண்ட போத்தலில் மிச்சமிருப்பது விலைச்சீட்டு மட்டும்தான். மங்குக்கு ட்ரனெக்சாமிக் அமிலக் குளிசையும் கொடுக்கிறார்கள், நன்றாக வேலை செய்கிறது. குருதி உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது கூடாது என்பதால், தோழி எடுக்கிறாள் என்று நீங்களும் எடுக்கக்கூடாது. லேசரும் இரசாயனத் தோலுரிப்பும் நம்முடைய நிறத் தோலைத் தெரிந்த தோல் வைத்தியர் கையில் மட்டும். சலூனில் வேண்டாம்.

எதைப் பூசினாலும் எட்டுக் கிழமைக்கு முன் கண்ணாடியில் தேடவேண்டாம். பன்னிரண்டு கிழமையில் தீர்ப்புச் சொல்லலாம். தொடங்கும் நாளில் யன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும். ஒரு மாதத்தில் கலியாணமென்றால் புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். அலங்கரிக்க வருகிறவர் ஐந்து நிமிடத்தில் அந்தப் புள்ளியை மூடிவிடுவார், அதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு கறுப்பு மட்டும் மற்றவற்றைப்போல் இல்லாமல் வளர்ந்தாலோ, ஓரம் கோணலாகி நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, நீண்ட நாள் ஆறாத புண்ணாக நின்றாலோ கிரீம் தேடவேண்டாம், நேரே காட்டுங்கள். மற்றப்படி மூன்று மாதம் பார்த்தும் அசையாத புள்ளிக்கும், முகம் முழுக்கப் பரவும் மங்குக்கும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகலாம். வரிசை நீளம்தான். போகும்போது இதுவரை பூசிய ரியூப் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயரில்லாத அந்த டப்பாவையும் சேர்த்து. வெட்கப்பட்டு அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், எதிரில் இருக்கும் டொக்டர் புள்ளியைப் பார்க்கிறாரா, டப்பா செய்த வேலையைப் பார்க்கிறாரா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.